எஸ்டிபி ஆபரேட்டருக்கு எந்த சர்டிஃபிகேட்? 18,000 கட்டலாமா?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு வயசு 28, ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சிருக்கேன். ஓஎம்ஆர் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்ல அஞ்சு வருஷமா எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) ஆபரேட்டர், கான்ட்ராக்ட் கம்பெனி ஆள், 150 கேஎல்டி பிளான்ட், அதாவது தினம் 150 கிலோ லிட்டர். பேனல்ல இருந்து பம்ப் அடைச்சா டேங்க்ல இறங்கி எடுக்கற வரைக்கும் எல்லா வேலையும் தெரியும். கல்ஃப் போகலாம்னு பார்க்கறேன். ஒரு ஏஜென்சில மூணு நாள் கிளாஸ், 18,000 ரூபா கட்டுனா 'இன்டர்நேஷனல் சர்டிஃபைட் ஆபரேட்டர்'னு சர்டிஃபிகேட் தர்றாங்களாம், கட்டலாமா? சர்டிஃபிகேட் இல்லாம இந்த வேலை பார்க்கறது தப்பா? எங்க சூப்பர்வைசர் மாசக் கடைசில லாக்புக் மொத்தத்தையும் ஒரே நாள்ல உக்காந்து எழுதச் சொல்றாரு, கையெழுத்து என்னோடது, பின்னாடி எனக்கு ஏதும் வருமா? வீட்டுல வேற பொண்ணு பார்க்கறாங்க, என்ன வேலைன்னு கேட்டா சொல்லக் கூச்சமா இருக்கு சார்.

பதில்:

தம்பி, சர்டிஃபிகேட் விஷயம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த "டேங்க்ல இறங்கி எடுக்கற வரைக்கும்"னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு பக்குனு இருந்துச்சு. இனிமே இறங்காதீங்க. யாரு சொன்னாலும், அசோசியேஷன் செகரட்டரி மேல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிஷ வேலைதானப்பான்னு சொன்னாலும் சரி. கலெக்‌ஷன் டேங்க்ல நிக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு கேஸ் அழுகின முட்டை வாடை அடிக்கும், அது நமக்குத் தெரியும், ஆனா அளவு காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு (100 பிபிஎம்) பக்கம் போச்சுன்னா மூக்கு மரத்துடும், வாடையே வராது, அட கேஸ் போயிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம், அதுக்கு மேல ஏற ஏற மயக்கம், 700, 1,000ன்னு போனா ஆள் கத்தறதுக்குக் கூட நேரம் கிடைக்காது. அது காத்தை விட கனமான கேஸ், அடியிலதான் தங்கும், மேல மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட்டுட்டேன்னு சொல்றதெல்லாம் கணக்குலயே வராது. பேப்பர்ல பாருங்க, பாதி கேஸ்ல செத்தவங்க ரெண்டு பேரா மூணு பேரா இருப்பாங்க, முதல் ஆளைத் தூக்க இறங்கினவங்கதான் மத்தவங்க.

மனுஷக் கழிவை மனுஷனே அள்ளறதைத் தடுக்கற 2013 சட்டத்துல பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்க்லயோ சாக்கடையிலயோ ஆளை இறக்குறது குற்றம், முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். செத்தா 30 லட்சம் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு. இந்த ரெண்டையும் உங்க சூப்பர்வைசர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொல்லி வைங்க. கூடவே ஒரு விஷயம் கேளுங்க: சப்மெர்சிபிள் பம்ப்புக்கு கைடு ரெயிலும் செயினும் போட்டிருந்தா மேல நின்னே செயின் பிளாக்குல இழுத்து வெளிய எடுத்துடலாம், இறங்கற வேலையே இல்ல, அதை ஏன் போடலைன்னு. பார் ஸ்கிரீனை (குப்பையைத் தடுக்கற கம்பித் தடுப்பு) தினமும் ரெண்டு வேளை சுத்தம் பண்ணா நாப்கினும் துணியும் பம்ப் வரைக்கும் போகவே போகாது, அது உங்க கையில இருக்கு.

சரி, இப்ப சர்டிஃபிகேட்டுக்கு வரேன்.

சர்டிஃபிகேட் இல்லாம வேலை பார்க்கறது தப்பான்னா, தப்பில்ல. நம்ம நாட்டுல ஒரு பாய்லரை ஓட்டணும்னா அதுக்குன்னு பரீட்சை எழுதின பாய்லர் அட்டெண்டன்ட் இருந்தே ஆகணும், இல்லாம ஓட்டினா முதலாளி மாட்டுவாரு. வீட்டுக்கு வயரிங் பண்றவருக்கே தகுதிச் சான்றிதழ் இருக்கு. ஆனா ஒரு ஊரே குடிக்கற தண்ணியைச் சுத்தம் பண்றவருக்கோ, ஊரோட கழிவை எல்லாம் வாங்கி தெளிய வச்சு விடறவருக்கோ அந்த மாதிரி நாடு முழுக்க செல்லற லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் பிளான்ட்டுக்குத்தான் கன்சென்ட் (அனுமதி) குடுக்குது, ஆபரேட்டருக்குன்னு ஒரு பரீட்சை வச்சு லைசென்ஸ் குடுக்கறதில்ல. இதை நான் இருபது வருஷமா மீட்டிங் மீட்டிங்கா சொல்லிட்டு இருக்கேன், டீ பிஸ்கட் குடுத்து அனுப்பிடுவாங்க.

வெளிநாட்டுல அப்படி இல்ல. அமெரிக்காவுல 1996ல குடிநீர் சட்டத்தைத் திருத்தினப்போ ஆபரேட்டர் சர்டிஃபிகேஷனை உள்ள கொண்டு வந்தாங்க, ஒழுங்கா நடத்தாத மாநிலத்துக்கு மத்திய அரசு குடுக்கற குடிநீர் நிதியில 20 சதவீதம் பிடிச்சுக்குவாங்க, அப்ப எந்த மாநிலம் சும்மா இருக்கும் சொல்லுங்க. கலிஃபோர்னியாவுல கழிவுநீர் ஆபரேட்டருக்கே ஒண்ணு முதல் அஞ்சு வரை கிரேடு, ட்ரெய்னியா இருந்து மேல மேல பரீட்சை எழுதி ஏறணும், பெரிய பிளான்ட்டோட பொறுப்பை சின்ன கிரேடு ஆள்கிட்ட குடுக்க முடியாது. எடுத்துட்டா முடிஞ்சதுன்னும் இல்ல, சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

இப்ப உங்க 18,000. கட்டாதீங்க. 'இன்டர்நேஷனல்'ங்கற வார்த்தையை யாரு வேணா பிரிண்ட் பண்ணலாம், தம்பி, பிரிண்டிங் பிரஸ்ல அதுக்குத் தனி ரேட் கிடையாது. அந்த சர்டிஃபிகேட்டை எந்த நாட்டு எந்த அரசு அமைப்பு ஒத்துக்குதுன்னு எழுத்துல குடுங்கன்னு கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் அவங்க உங்க போனை எடுக்கறாங்களான்னு பாருங்க. பரீட்சை யாரு வைக்கறாங்க, கிளாஸ் எடுத்தவரே மார்க் போடறாரா, பிராக்டிக்கல் எந்த பிளான்ட்டுல, இந்த மூணையும் கேளுங்க. மூணு நாள்ல ஏசி ரூம்ல ஸ்லைடு போட்டு ஆபரேட்டர் ஆக்கறவங்க ஒரு வால்வைக் கூட உங்க கையில குடுத்திருக்க மாட்டாங்க.

அதுக்குப் பதிலா உங்க நிலைமைக்கு சரியா வர்றது ஆர்பிஎல்னு சொல்வாங்க, ஏற்கனவே வேலை பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை டெஸ்ட் வச்சு அங்கீகரிக்கறது. ஸ்கில் கவுன்சில் ஃபார் கிரீன் ஜாப்ஸ்ல வேஸ்ட்வாட்டர் ட்ரீட்மென்ட் பிளான்ட் டெக்னீஷியன்னே ஒரு வேலைப் பேரு இருக்கு, வாட்டர் மேனேஜ்மென்ட் அண்ட் பிளம்பிங் ஸ்கில் கவுன்சில்னு இன்னொரு அமைப்பு இருக்கு, ரெண்டுமே மத்திய அரசோட திறன் அமைப்புக்குள்ள வர்றது. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்துல போய் உங்க பக்கத்துல எந்த சென்டர்ல இப்ப நடக்குதுன்னு பாருங்க, எல்லா சமயத்துலயும் எல்லா ஊர்லயும் நடக்காது, கொஞ்சம் அலையத்தான் வேணும். டெஸ்ட் வைக்கற ஆள் தனி, கிளாஸ் எடுக்கற ஆள் தனி, சர்டிஃபிகேட்ல க்யூஆர் கோடு இருக்கும், எவரும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கலாம். உங்ககிட்ட ஐடிஐ எலக்ட்ரீஷியன் வேற இருக்கறதால எலக்ட்ரிக்கல் லைசென்சிங் போர்டுல வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கும் எழுதிப் போடுங்க, எஸ்டிபில பாதி பிரச்சனை பேனல் போர்டுலதானே இருக்கு, அது உங்களுக்கே தெரியும்.

இதைப் படிக்கற பத்தாவது முடிச்ச பசங்களுக்கு ஒரு வார்த்தை, இந்த லைனுக்கே வரணும்னா ஐடிஐல அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட்னு ஒரு ரெண்டு வருஷ ட்ரேடு இருக்கு, பம்ப், வால்வு, மீட்டர் எல்லாம் சொல்லித் தருவாங்க, நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, எல்லாரும் ஃபிட்டர் ஃபிட்டர்னு ஒரே வரிசையில நிக்கறாங்க.

கல்ஃப் பத்தி சுருக்கமா. ஏஜென்ட் மத்திய அரசோட இமைகிரேட் தளத்துல பதிவு பண்ணவரான்னு முதல்ல பாருங்க. பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல கேட்டாலே சந்தேகப்படணும். அங்க இன்டர்வியூ எடுக்கறவங்க காகிதத்தை விட ரெண்டு கேள்வியிலதான் ஆளை எடை போடுவாங்க. நானே சில கம்பெனிக்காக இன்டர்வியூ எடுத்திருக்கேன், ஏழு வருஷ அனுபவம்னு வந்து உக்காருவாங்க, ஏரேஷன் டேங்க்ல (காத்து ஊதி கிருமியை வளர்க்கற டேங்க்) வெள்ளை நுரை பொங்கினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா தண்ணி அடிச்சு அமுக்குவேன் சார்னு சொல்வாங்க. அமுக்கலாம், நாளைக்கு திரும்பப் பொங்கும். ஸ்லட்ஜ், அதாவது கழிவைத் தின்னற கிருமிச் சேறு, இளசா இருக்கு, அளவு கம்மியா இருக்கு, வேஸ்டிங்கை (அதை வெளிய எடுக்கறதை) குறைக்கணும், இல்லன்னா எவனோ ஹவுஸ்கீப்பிங்ல பக்கெட் பக்கெட்டா டிடர்ஜென்ட் ஊத்தியிருக்கான்னு யோசிக்கத் தெரியணும், அதைச் சொன்ன பையன் ஒருத்தனுக்கு சர்டிஃபிகேட்டே இல்ல, அவனைத்தான் எடுத்தேன்.

ஆனா நம்ம ஊர்லயே வேலை கம்மின்னு நினைக்காதீங்க. கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் தலா 45 எம்எல்டிக்கு (ஒரு எம்எல்டின்னா தினம் பத்து லட்சம் லிட்டர்) கழிவுநீரை ஆர்ஓ வரைக்கும் சுத்தம் பண்ணி ஃபேக்டரிகளுக்கு அனுப்பற பிளான்ட் 2019லயே வந்தாச்சு. நெம்மேலியில 150 எம்எல்டி கடல்நீர் பிளான்ட் 2024ல திறந்தாங்க, பேரூர்ல 400 எம்எல்டிக்கு வேலை நடக்குது. மெம்பிரேன், ஆட்டோமேஷன் தெரிஞ்ச ஆபரேட்டருக்கு அங்கெல்லாம் தேவை இருக்கும். அப்பார்ட்மென்ட் எஸ்டிபிலயே உக்காந்துட்டா சம்பளம் ஏறாது, அது நிஜம்.

இப்ப லாக்புக். நீங்க கடைசியா கேட்டது, எனக்கு இதுதான் பெருசு.

கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊரு, 5,000 பேர் கூட இருக்க மாட்டாங்க. 2000 மே மாசம் நல்ல மழை, மாட்டுச் சாணம் கரைஞ்சு ஊருக்குத் தண்ணி குடுக்கற ஒரு கிணத்துல இறங்கிடுச்சு, ஈ கோலை கிருமி. 7 பேர் செத்தாங்க, 2,300 பேர் கிட்ட வயித்துப்போக்குல படுத்தாங்க. விசாரணையில என்ன வெளிய வந்துச்சு தெரியுமா, தண்ணியில குளோரின் எவ்வளவு இருக்குன்னு தினமும் அளந்து எழுத வேண்டிய தாள்ல அளக்காமலே 0.5, 0.75னு வருஷக்கணக்கா எழுதிட்டு இருந்திருக்காங்க. அதை நடத்தின அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்டயும் அரசு குடுத்த ஆபரேட்டர் லைசென்ஸ் இருந்துச்சு, நல்லா கேளுங்க, இருந்துச்சு. பரீட்சை எழுதாம, ரொம்ப நாளா வேலை பார்க்கறாங்கன்னு அப்படியே தூக்கிக் குடுத்த லைசென்ஸ். ஒருத்தருக்கு ஒரு வருஷம் ஜெயில், இன்னொருத்தருக்கு ஒன்பது மாசம் வீட்டுக்காவல். அதுக்கப்புறம்தான் ஒன்டாரியோ மாநிலத்துல அந்த மாதிரி சும்மா குடுத்த லைசென்ஸை எல்லாம் நிறுத்தி எல்லாரும் பரீட்சை எழுதணும்னு ஆக்குனாங்க, அதே ஊர்ல ஆபரேட்டர்களுக்குன்னு ஒரு பயிற்சி மையமும் 2004ல திறந்தாங்க.

உங்களை பயமுறுத்த சொல்லல, நானும் யோக்கியன் இல்ல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சாய ஆலையில ஷிஃப்ட் கெமிஸ்ட். டிஓ மீட்டர் (தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜனை அளக்கறது) கெட்டுப்போய் ரெண்டு வாரம், சொன்னா மேனேஜர் கத்துவாரு, நான் பாட்டுக்கு 2.1, 2.0, 2.2னு அழகா எழுதிட்டு வந்தேன், ரெண்டுக்கு மேல இருந்தா போதும்னு தெரியும்ல. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி புஸ்தகத்தைப் புரட்டிட்டு ஒண்ணும் பேசல, மீட்டரைக் கேட்டாரு, குடுத்தேன். அவரு தண்ணியில விடவே இல்ல. சும்மா காத்துல புடிச்சாரு. 2.1 காட்டுச்சு. காத்துல புடிச்சா 7, 8 வரணும். "என்ன தம்பி, காத்துலயும் 2.1தானா"ன்னு கேட்டுட்டு மீட்டரை என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

மாசக் கடைசில எழுதற லாக்புக்கை கண்டுபிடிக்க நிபுணர் எல்லாம் வேணாம். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். இன்லெட் ஃப்ளோ தினமும் 110, 112, 108. பொங்கலுக்கு பாதி அப்பார்ட்மென்ட் பூட்டிக் கிடக்கும், அன்னைக்கும் 110. கரண்ட் ஆறு மணி நேரம் போன நாள்லயும் காத்து ஊதற ப்ளோயர் 24 மணி நேரம் ஓடியிருக்கும், ஈபி மீட்டர் ரீடிங்கை எடுத்து பக்கத்துல வச்சா பல் இளிக்கும். நாளைக்கு ட்ரீட்டட் வாட்டர் சாம்பிள் ஃபெயில் ஆகி நோட்டீஸ் வந்துச்சுன்னா அசோசியேஷன் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் சூப்பர்வைசரைக் காட்டுவாரு, சூப்பர்வைசர் கையெழுத்தைக் காட்டுவாரு. கையெழுத்து உங்களோடது. சட்டப்படி முதல்ல பதில் சொல்ல வேண்டியது பிளான்ட்டோட உரிமையாளர்தான், ஆனா வேலையை விட்டுத் தூக்கறதுன்னா அது உங்களைத்தான்.

சூப்பர்வைசர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, வேலை போயிடும், யதார்த்தம் அதுதான். ஒரு 60 பக்க நோட்டு வாங்கிக்கோங்க, சொந்தமா. ஷிஃப்ட் முடியும்போது அஞ்சு வரி: ஃப்ளோ மீட்டர் ரீடிங், ஈபி ரீடிங், ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எவ்வளவு ஸ்லட்ஜ் வெளிய எடுத்தீங்க, அன்னைக்கு என்ன கெட்டுச்சு. மீட்டர் வேலை செய்யலைன்னா "மீட்டர் வேலை செய்யல"ன்னே எழுதுங்க, கட்டத்தைக் காலியா விடறது குத்தமில்ல, பொய் எண்தான் குத்தம். மீட்டர் ரிப்பேரை சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பிடுங்க, ரெண்டு நீல டிக் வந்தா போதும். மாசக் கடைசில எழுதச் சொன்னாருன்னா உங்க நோட்டைப் பார்த்து நிஜ எண்ணை எழுதுங்க, அவருக்கு பக்கம் நிரம்பினா சரி, எந்த எண்ணுன்னு பெரும்பாலும் பார்க்கவே மாட்டாரு. பார்த்து மாத்தச் சொன்னாருன்னா, சார் நீங்களே மாத்தி பக்கத்துல ஒரு கையெழுத்து போட்டுடுங்கன்னு பணிவா சொல்லுங்க.

இன்னொரு வேலையும் சொல்றேன், காசு அதிகம் ஆகாது. ஆயிரம் மில்லி மெஷரிங் சிலிண்டர் ஒண்ணு, பிளாஸ்டிக்கே போதும், கண்ணாடின்னா ஒரே வாரத்துல யாராவது உடைச்சுடுவாங்க. காலையில ப்ளோயர் ஓடிட்டு இருக்கும்போது ஏரேஷன் டேங்க்ல இருந்து அதுல தண்ணி மொண்டு நிழல்ல ஆடாம வைங்க. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் சாக்லேட் கலர்ல பஞ்சு பஞ்சா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கோடு போட்ட மாதிரி இறங்கும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். முப்பது நிமிஷம் கழிச்சு ஸ்லட்ஜ் எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாருங்க. 300 மில்லின்னு வைங்க, லேப்ல எம்எல்எஸ்எஸ் (ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ்ங்கற அளவு) 3,000 வந்திருந்தா, 300ஐ ஆயிரத்தால பெருக்கி 3,000ஆல வகுத்தா 100. அது 80ல இருந்து 150க்குள்ள இருந்தா ஸ்லட்ஜ் நல்லா இருக்கு. இறங்கவே மாட்டேங்குது, 800லயே நிக்குதுன்னா ஒண்ணு ஸ்லட்ஜ் ரொம்ப சேர்ந்துடுச்சு, இல்லன்னா நூல் மாதிரி வளர்ற கிருமி வந்துடுச்சு. அதே தண்ணியில பாதிக்குப் பாதி தெளிஞ்ச தண்ணி கலந்து திரும்ப வச்சுப் பாருங்க, அப்ப டக்குனு இறங்கினா ஸ்லட்ஜ் அதிகம், தண்ணியைப் பிழிஞ்செடுக்கற ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்புங்க, அப்பவும் இறங்கலைன்னா வேற வியாதி. கறுப்பா நாறுச்சுன்னா காத்து பத்தல. தினமும் ஒரே நேரத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த 180 போட்டோவும் அந்த நோட்டும் எடுத்துட்டு இன்டர்வியூவுக்குப் போங்க, 18,000 ரூபா சர்டிஃபிகேட் வச்சிருக்கறவன் பக்கத்துல உக்காந்திருந்தா அவனுக்கு வேர்க்கும்.

படிக்கறதுக்கு, மத்திய அரசோட குடிநீர், கழிவுநீர் பொறியியல் அமைப்பான சிபிஹெச்இஇஓ 2013ல போட்ட கழிவுநீர் மேனுவல் இணையத்துல சும்மாவே கிடைக்குது, மூணு பாகம், அதுல ரெண்டாவது பாகம் முழுக்க ஆபரேஷனும் மெயின்டெனன்ஸும்தான். இங்கிலீஷ்லதான் இருக்கு, கொஞ்சம் கட்டையா இருக்கும், தினம் ரெண்டு பக்கம் போதும். புரியாத இடத்தை எனக்கு அனுப்புங்க, அதுக்கெல்லாம் காசு இல்ல.

பொண்ணு வீட்டு விஷயம். ட்ரீட்மென்ட் பிளான்ட் ஆபரேட்டர்னே சொல்லிடுங்க தம்பி, சுத்தி வளைக்காதீங்க. நான் என் கல்யாணத்தப்போ கூச்சப்பட்டுக்கிட்டு 'வாட்டர் கெமிஸ்ட்'னு சொல்லி வச்சேன், மாமனார் என்னை மினரல் வாட்டர் கம்பெனின்னே நினைச்சுட்டாரு, அஞ்சு வருஷம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் போன் பண்ணி "மாப்ள ஒரு இருபது கேன் அனுப்பி விடுங்க"ன்னுவாரு. எல்லாத்தையும் கடையில காசு குடுத்து வாங்கி அனுப்பினேன்.